அஞ்சாவது வூடு

கல்வராயன் மலையில் அவனைப் பார்த்துக் குரைக்காத நாய் ஒன்றுகூடக் கிடையாது. கூடவே அலைந்தவள் நான், சத்தியமாகச் சொல்கிறேன். வளர்ச்சிப் பொருளாதாரம் எம்.ஏ. வகுப்பில், பெற்றோர் அவனுக்கு வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. எங்களுக்கு அவன் 'அஞ்சாவது'.

கடைசி செமஸ்டரில் இரண்டிரண்டு பேராக ஒரு மலைக் கிராமத்துக்குப் போய், குடும்பங்களின் வேலை, வருமானம், சாப்பாடு எல்லாம் கேட்டு ஆய்வறிக்கை எழுத வேண்டும். எல்லா வீட்டிலும் கேட்க முடியாது. ஐந்தாவது வீடு, பத்தாவது வீடு என்று எடுத்துக்கொள்ளலாம் என்பது பாடம். நாங்கள் அதைப் பரீட்சைக்குப் படித்தோம். இவன் வேதவாக்காகவே எடுத்துக்கொண்டான். கேன்டீனில்கூடத் தட்டில் ஐந்தாவது வடையைத்தான் எடுப்பான், கருகியிருந்தாலும்.

உளுந்தூர்பேட்டைக்காரன். காலில் சக்கரம் கட்டிய பிறவி. பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் உட்காரமாட்டான். பேராசிரியர் இவனைப் போய் எனக்கு ஜோடியாகப் போட்டார்.

எனக்கோ தலைபோகிற அவசரம். கள்ளக்குறிச்சியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் என் அத்தா, "இந்த வருசத்தோட படிப்ப முடிச்சிடணும்மா. இல்லன்னா அடுத்து வர்ற வரனுக்குத் தலையாட்டிடணும்" என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

மலையில் வீடுகள் தெருவாகவா இருக்கும்? நான்காவது வீடு இங்கே, ஐந்தாவது ஓடைக்கு அந்தப் பக்கம். மூச்சிரைக்க ஏறிப் போனால் பூட்டுத் தொங்கும்.

"பக்கத்து வூட்ல ஆள் இருக்காங்க, கேட்டுக்கலாம்டா."

"அது ஆறாவது வூடு."

"அதனால இன்னா? அவங்க மனுசங்க இல்லியா?"

"பூட்டிக்கினு போனவங்களும் மனுசங்கதான? ஏன் போனாங்கன்னு யாரு கேக்கறது?"

இப்படி ஏழு வீடு பூட்டு. வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும். என் பொறுமை செத்துப்போனது. அவன் எட்டாவது ஓடையைத் தாண்டிக்கொண்டிருந்தபோது, பஸ் நிற்கும் மரத்தடியில் உட்கார்ந்து, பூட்டிக் கிடந்த ஏழு வீட்டின் கேள்வித் தாள்களையும் நானே டிக் அடித்து முடித்தேன். கூலி வேலை, ரெண்டு ஆடு, மூணு வேளை சோறு. தாராளமாகவே அடித்தேன்.

வந்து வாங்கிப் பார்த்தான்.

"ஏழு வூட்லயும் ரெண்டு ரெண்டு ஆடா?"

"மலைன்னா ஆடு இருக்காதா?"

"யாரு சொன்னது?"

"நான்தான் சொல்றேன். வெள்ளிக்கிழம குடுக்கலன்னா என் கதி இன்னா தெரியுமா?"

தாள்களைப் பைக்குள் திணித்துக்கொண்டான். மறுநாள் காலை என்னைக் கச்சிராயபாளையத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். பூட்டிய வீட்டுக்காரர்கள் கீழே கரும்பு வெட்டப் போயிருப்பதாக அக்கம்பக்கத்தில் விசாரித்து வைத்திருந்தான். வயல் வயலாக அலைந்து ஒரு அம்மாவைப் பிடித்தோம்.

"நின்னுக்கினு கேட்டா மேஸ்திரி திட்டுவாரு. வெட்டிக்கினே கேளு தம்பி" என்று அந்த அம்மா இன்னொரு கத்தியை நீட்டினார். அவன் வெட்டிய லட்சணத்தைப் பார்த்த மேஸ்திரி, "யாருய்யா இவன், கரும்புக்கு முடி வெட்டிக்கினு இருக்கான்?" என்றார்.

"ஆடு எத்தினிங்க இருக்குது?" என்று கேட்டான் அவன்.

"ஆடா? ஆடு இருந்தா நான் ஏன் தம்பி இங்க வர்றேன்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த வீட்டுக்கு மூணு வேளைச் சோறும் நான் போட்டதுதான்.

இரண்டு நாளில் ஐந்து குடும்பங்களைக் கண்டுபிடித்தோம். மற்ற இரண்டும் கேரளாவுக்குப் போயிருந்தன. நான் டிக் அடித்தவற்றை ஒதுக்கி, அந்த இரண்டு வீட்டுக்கும் புதுத் தாளைக் காலியாகவே வைத்து, வெள்ளிக்கிழமை அறிக்கையைக் கொடுத்தோம்.

வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் பக்கத்தைப் புரட்டியவர் நிறுத்தினார். அவசரத்தில் என் பொய்த்தாள் ஒன்றும் சேர்ந்து பைண்ட் ஆகியிருந்தது.

"ஒரே வீட்டுக்கு ரெண்டு தாள். ஒண்ணுல ரெண்டு ஆடு, ஒண்ணுல ஆடே இல்ல. எது பொய்? யார் எழுதினது?"

டிக் அடித்த தாளில் கையெழுத்தை யார் கண்டார்கள்?

"ஆடு இருக்கறதுதான் பொய். நான்தாங்க சார் எழுதினேன்" என்றான் அஞ்சாவது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் வாயைத் திறக்கவில்லை. நான் தேறினேன். அவன் ஆறு மாதம் கழித்து மறுபடி எழுத வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

வெளியே வந்து அழுதேன். "ஏன்டா அப்படிச் சொன்னே?"

"உனக்கு இந்த வருசமே முடியணும். எனக்கு இன்னா அவசரம்? ரெண்டு வூடு வேற பாக்கி இருக்குது."

பொங்கலுக்கு அந்த இரண்டு குடும்பங்களும் ஊர் திரும்பியதும் அவன் மலைக்குக் கிளம்பினான். அதே பஸ்ஸில் நானும் ஏறினேன்.

"உனக்குதான் பட்டம் வந்துடுச்சே, நீ எதுக்கு வர்றே?"

"எழுத ஒரு ஆள் வேணாமா?"

அவன் தாள்களை எடுத்து என் கையில் கொடுத்தான். அன்றைக்கு அவர்கள் சொன்னதை மட்டும்தான் எழுதினேன்.