கடலில் போன என் மூத்த தாரம்

புதிதாகச் செய்த எதையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் நம்பக்கூடாது. நம் உடம்பின் செல்லே நம்புவதில்லையாம். கல்லூரியில் உயிரியல் நடத்தும் என் மகள் சொன்னாள்: புரதம் தயாரிக்கும் ரைபோசோம் இரண்டு துண்டுகள் சேர்ந்தது. புதிதாக உருவான சின்னத் துண்டை செல் உடனே வேலைக்கு விடாது. பெரிய துண்டோடு பொருத்தி, புரதம் எதுவும் செய்யாமல் வெறும் ஒத்திகை நடத்தும். தேறினால் வேலை. திணறினால் உடைத்துப் போட்டுவிடும்.

"உன் தாத்தா எனக்கும் அதைத்தான் செய்தார்" என்றேன்.

அறுபதுகளில் நான் சாத்தம் தீவில் குமாஸ்தா. கடலுக்கு எதிர்க்கரையில் பாம்பூ ஃப்ளாட் என்ற ஊரில் ஒரு காண்டிராக்டரின் இளைய மகள் வள்ளியைப் பெண் பார்க்கப் போனேன். கேசரி வரும் என்று காத்திருந்தால், புடவை சுற்றிய மணல் மூட்டை வந்தது! அவருடைய மூத்த மகள் பிரசவ வலியோடு, ஆஸ்பத்திரிக்குக் கடல் தாண்ட முடியாமல் கரையிலேயே இறந்துபோனவள். கணவன் கைகால் ஓடாமல் நின்றிருக்கிறான். புடவை அவளுடையது. அதன் பிறகு வந்த மாப்பிள்ளைகளுக்கெல்லாம் இந்தப் பரீட்சைதான்.

"இதான் வள்ளின்னு வச்சுக்குங்க தம்பி. வலி எடுத்துடுச்சு, ஃபெர்ரி இல்ல. டிங்கியில ஏத்தி சாத்தம் கொண்டு போங்க. ஜல்தி!"

தூக்கினேன். (படிப்பில் முதல் வகுப்பு, புஜத்தில் ஃபெயில்.) படகுத்துறையில் நின்று ஒரு காலை அந்தச் சின்ன டிங்கிப் படகில் வைத்தேன். டிங்கி நகர்ந்தது, மற்ற கால் நகரவில்லை. மூட்டை கடலில் விழுந்தது. எனக்கு நீச்சல் தெரியாது என்பது, பின்னாலேயே குதித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

துடுப்பை நீட்டி என்னை இழுத்துப் போட்டார்கள். கையில் புடவை மட்டும் இருந்தது.

"கதம், முடிஞ்சுது" என்றார் அவர். "என் பொண்ணு போயிட்டா. நீங்க கெளம்புங்க."

வாந்தி எடுத்துக்கொண்டிருந்த என்னை வள்ளி பார்த்தாள்.

"அப்பா, அத்தான் பாத்துக்கிட்டே நின்னாரு. இவரு நீச்சல் தெரியாமலே குதிச்சாரு. எனக்கு இவரு போதும்."

அவர் அந்தப் புடவையை வாங்கிப் பிழிந்தார். பிழிந்துகொண்டே அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

கல்யாணம் வரை ஞாயிறு தவறாமல் என்னைத் துடுப்புப் போட வைத்தார். என் மகள் பிறந்த அன்று, ஒரு சொட்டு நனையாமல் வள்ளியைச் சாத்தத்தில் சேர்த்தேன்.

"செல்லா இருந்தா அன்னைக்கே உங்கள உடைச்சுப் போட்டிருக்கும்ப்பா" என்கிறாள் மகள்.

வள்ளியோ இன்றும் படகு ஏறும்போதெல்லாம் என் கையிலிருந்து காய்கறிப் பையைப் பிடுங்கிக்கொள்கிறாள். பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்கிறாள்:

"நான் இவருக்கு ரெண்டாந்தாரங்க. மூத்தவள இவரே கடல்ல போட்டுட்டாரு."