பட்டை எந்தப் பக்கம்?

மேன்மை தங்கிய சம்பந்தி அவர்களுக்கு,

மூட்டுவலியையும் இடது கண் புரையையும் தவிர மற்றபடி சௌக்கியமாக இருக்கும் தங்கள் சம்பந்தி எழுதிக்கொள்வது. இங்கே மழை இல்லை. தங்கள் மகன் நலம், என் மகள் நலம். தாங்களும் தங்கள் சர்க்கரையும் ஓர் அளவோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குக் கையெழுத்துப் போடக்கூட வராது என்பது தாங்கள் அறிந்ததே. ஆகையால் பக்கத்து வீட்டுத் தையல்காரர் கையால் எழுதுகிறேன். நான் சொல்வதில் பாதியை வெட்டிவிட்டு மீதியை ஓரம் மடித்து எழுதுகிற மனுஷர். கடிதம் எங்கேயாவது குட்டையாகத் தெரிந்தால் குற்றம் அவருடையது. (இதை எழுத வேண்டாம் என்றேன், எழுதிவிட்டார்.)

முதலில் வருஷத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆற்றுப் பாலம் திறப்பு விழாவுக்கு முந்தின நாளே நடுவில் பிளந்ததே, சினிமாக் கொட்டகைக் கூரை காற்றில் பறந்து ரயில் தண்டவாளத்தில் போய் உட்கார்ந்ததே, என் மாப்பிள்ளை தொட்டிலில் கிடந்து விடிய விடிய அழுது உங்கள் தூக்கத்தைக் கெடுத்தாரே, அந்த வருஷம். (மாப்பிள்ளை ஆகிவிட்டதால் தொட்டிலில் கிடந்த காலத்துக்கும் சேர்த்து மரியாதை கொடுக்க வேண்டியிருக்கிறது.) அந்த வருஷத்தை இப்போது ஏன் இழுக்கிறேன் என்று கேட்பீர்கள். நான் இழுக்கவில்லை. அது தானாக வந்து என் அறைக்கும் கக்கூஸுக்கும் நடுவில் மல்லாந்து கிடக்கிறது.

விவரம் என்னவென்றால், மாப்பிள்ளை கீழே வெல்டிங் பட்டறையைப் பெரிதாக்குகிறேன் என்று பின்பக்கத்தை இடித்தார். இடித்த இடியில் மாடியில் என் அறை இந்தக் கரையிலும், குளியலறை கக்கூஸ் எல்லாம் அந்தக் கரையிலும் நின்றுவிட்டன. நடுவில் பள்ளம், பள்ளத்தின் அடியில் பட்டறை. கரைக்குக் கரை இரண்டு இரும்பு உத்திரம் போட்டு, அதன் மேல் கிரேட்டிங் தட்டுகளை, அதாவது இரும்புப் பட்டைகளைக் கட்டம் கட்டமாகக் கோத்த சல்லடைத் தட்டுகளை, பரப்பி நடைபாலம் ஆக்கிவிட்டார். தட்டு புதுசு இல்லை. நீங்களும் நானும் வேலை பார்த்த உர ஆலையைப் பிரித்துப் பழைய இரும்பாக விற்றார்களே, அதிலிருந்து அள்ளி வந்தது. ‘மாமா, இந்தக் காலத்துல இப்படி இரும்பு கிடைக்காது’ என்று ஒவ்வொரு தட்டாகப் பொண்ணு காட்டுகிற மாதிரி என்னிடம் காட்டினார். இது பல் வச்ச பட்டை மாமா, எண்ணெய் சிந்தினாலும் கால் வழுக்காது. இது வழுவழு பட்டை. இது துத்தநாகத்துல முக்கி எடுத்தது, துரு பிடிக்காது. இது வெல்டிங் வச்சது, குறுக்குக் கம்பியைப் பார்த்தாலே தெரியும். இது வெல்டிங்கே இல்லாம, பட்டையில வெட்டின பள்ளத்துக்குள்ள குறுக்கை அழுத்திச் சேர்த்தது. பட்டை முப்பது மில்லி ஆழம், அஞ்சு மில்லி தடிமன், கட்டத்துக்குக் கட்டம் முப்பது மில்லி இடைவெளி. எனக்கு எழுத்துத்தான் தெரியாது, அந்த முப்பது மில்லி என்பது எவ்வளவு என்று இப்போது நன்றாகத் தெரியும். ரத்தக்கொதிப்பு மாத்திரை விழும். சர்க்கரை மாத்திரை விழும். கைத்தடியின் நுனி உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், தடி அங்கேயே நிற்கும், நான் மட்டும் மேற்கொண்டு போய்விடுவேன். என் மூணு பல் செட் படுத்த வாக்கில் விழுந்தால் தங்கும், ஒருக்களித்து விழுந்தால் கீழே வெல்டிங் மேசையில் உட்கார்ந்து சிரிக்கும். ஜன்னல் கிரில் சொல்ல வந்த ஓர் அம்மாள் தற்செயலாக அண்ணாந்து பார்த்திருக்கிறார். நான் கைலியோடு பாலத்தின் நடுவில் நின்று தடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் ஜன்னலே வேண்டாம் என்று போய்விட்டார். மறுநாளே மாப்பிள்ளை பாலத்துக்கு அடியில் தார்ப்பாய் கட்டிவிட்டார். அதுவரை நடந்ததெல்லாம் சிரிக்கிற சமாச்சாரம்தான், சம்பந்தி.

தார்ப்பாய் கட்டின அடுத்த நாள் தடி திரும்பவும் மாட்டியது. குனிந்து இழுத்தேன். தட்டின் மூலையில் விரல் பட்டது. காது மாதிரி ஒரு இரும்பு உருகல். சம்பந்தி, கண்ணில் புரை இருக்கலாம், விரலில் புரை கிடையாது. அது கொட்டாவி என்று பட்டப்பெயர் வாங்கின நம்ம வெல்டர் வைத்த காது. வாயைத் திறந்தால் மூடுவதற்குள் ஷிப்டு முடிந்துவிடும், அப்படிப்பட்ட ஆள். ஒரு நாள் கொட்டாவி விட்டுக்கொண்டே வெல்டிங் குச்சியை வைத்து, உருகல் வழிந்து, மூணடிக்கு மூணடித் தட்டின் மூலையில் காது முளைத்துவிட்டது. ‘தட்டுக்குக் காது கேக்குதுடா, பாத்துப் பேசு’ என்று மேஸ்திரி கிண்டல் பண்ணுவார். கொதிகலன் கூடத்து நாலாம் தளத்தில் கிடந்த தட்டு. என் தம்பி சின்னவன் கடைசியாகக் கால் வைத்த தட்டு. தடியை அங்கேயே விட்டுவிட்டுத் தவழ்ந்து அறைக்கு வந்தேன். அன்றிலிருந்து கக்கூஸுக்குத் தெருவில் இறங்கித் தையல்காரர் வீட்டுக்குத்தான் போகிறேன். கடிதம் அவர் கையால் வருவதற்குக் காரணம் அதுதான். போன இடத்தில் பேச்சு வளர்ந்துவிட்டது.

நீங்கள் அறியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. கிரேட்டிங்கில் ஆளைத் தாங்குவது பட்டைதான். குறுக்கே ஓடுவது பட்டைகளைச் சாயாமல் பிடித்துக்கொள்ளத்தான், அதற்கு எடை தாங்கத் தெம்பு கிடையாது. அதனால் பட்டை இந்த உத்திரத்திலிருந்து அந்த உத்திரத்துக்கு ஓட வேண்டும். நீளத் தட்டு என்றால் மாற்றிப் போட்டால் உட்காராது, தப்பே நடக்காது. சதுரத் தட்டு எப்படிப் போட்டாலும் உட்காரும், பட்டை தப்புப் பக்கம் ஓடினாலும் உட்காரும். அதிலும் அந்தக் காது வைத்த தட்டு அழுத்திச் சேர்த்த வகை, மேலே நின்று பார்த்தால் கட்டம் கட்டமாக எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. அடியிலிருந்து பார்த்தால்தான் ஆழமாக இறங்குவது பட்டை, மேலோடு ஓடுவது குறுக்கு என்று தெரியும்.

அன்றைக்குப் பம்ப் மோட்டாரைத் தூக்க அந்தத் தட்டை எடுத்தோம். நான் கீழே, கயிறு என் கையில். மேலே மேஸ்திரி, கொட்டாவி, சின்னவன். நீங்கள் டீ வாங்கப் போயிருந்தீர்கள். கீழே நிற்பவனுக்கு மேலே இருப்பவர்களின் முகம் தெரியாது, சம்பந்தி, உள்ளங்கால்தான். ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது, பாதம் தெரிந்ததே பெரிது. மோட்டார் மேலே போனது, ஓட்டையைத் தட்டு போட்டு மூடினார்கள், உத்திரத்தோடு பிடிக்கிற கிளிப்பு போடவில்லை. ‘எல்லாம் சரியாத்தான் இருக்கு, நடங்கடா’ என்று மேஸ்திரி குரல் கேட்டது. சின்னவன் பழைய பம்பைத் தோளில் வைத்துக்கொண்டு கால் வைத்தான். தட்டு வளைந்து உத்திரத்தை விட்டு நழுவி முதலில் வந்தது. பம்ப் வந்தது. பிறகு அவன் வந்தான்.

கொஞ்ச நேரத்தில் நீங்கள் டீ கேனோடு வாசல் பக்கமிருந்து ஓடி வந்தீர்கள். அவனுக்கு மேலே சாக்கைப் போட்டு மூடியிருந்தது. நீங்கள் அழுதுகொண்டே எல்லோருக்கும் டீ ஊற்றினீர்கள். நான் ஒரு வாய் குடித்துவிட்டு, ‘டீ ஆறிப்போச்சே’ என்றேன். தம்பி அங்கே கிடக்கிறான், இந்த வாய் அதைச் சொல்கிறது. அன்றைக்கு ஒட்டின பட்டப்பெயர், ‘ஆறின டீ’, நம் பிள்ளைகள் கல்யாணம் வரைக்கும் உங்களை விடவில்லை.

விசாரணைக்குக் கழுத்தில் டை கட்டின ஒருத்தர் வந்தார். தட்டைத் திருப்பிப் போட்டது யார் என்றார். மேஸ்திரி கொட்டாவியைக் காட்டினார், கொட்டாவி மேஸ்திரியைக் காட்டினான். இரண்டு பேரும் யோசித்துப் பார்த்துச் சின்னவனைக் காட்டினார்கள். அவனால் திருப்பி யாரையும் காட்ட முடியாது அல்லவா! டைக்காரர் என்னிடம் மேலே எத்தனை பேர் என்றார்.

‘எட்டுப் பாதம் பார்த்தேங்க.’

‘எட்டா? மூணு பேருக்கு எட்டுப் பாதமா? நாலாவது ஆள்தான் டீக்குப் போயிட்டாரே. ஏம்ப்பா, உனக்கு எண்ணத் தெரியுமா?’

‘படிக்கலீங்க.’

நீங்கள் பக்கத்தில் தலை குனிந்து நின்றுகொண்டிருந்தீர்கள். சாட்சிக்கு எண்ணத் தெரியாது, ஆறு பாதம் என்று எழுதிக்கொண்டார். துக்கத்தில் கண் இரட்டையாகக் காட்டியிருக்கும் என்று நானும் ஒத்துக்கொண்டேன். பலகையில் தீர்ப்பு ஒட்டினார்கள், யாரோ வாசித்துக் காட்டினார்கள்: இறந்தவரே தட்டைத் தவறாகப் பொருத்தியுள்ளார், இனி இவ்வாறு நடக்காதபடி கவனமாக இருக்குமாறு அவர் எச்சரிக்கப்படுகிறார். அவனும் இன்றுவரை கவனமாகத்தான் இருக்கிறான். மூன்றாம் நாள் தட்டை அடித்து நிமிர்த்தி அதே இடத்தில் போட்டார்கள். ஆளைத்தான் நிமிர்த்த முடியவில்லை.

சின்னவன் அவசரக்காரன்தான், ஆனால் எதையும் அடிப்பக்கம் திருப்பிப் பார்க்காமல் கீழே வைக்கிற வழக்கம் அவனுக்கு இல்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூடத் திருப்பிப் பார்ப்பான், அம்மாவிடம் அடி வாங்குவான். அதனால் மற்ற இரண்டு பேரில் ஒருத்தர் என்றுதான் நான் காலமெல்லாம் நினைத்தேன். மேஸ்திரி அப்புறம் ஸ்டூலில்கூட ஏற மாட்டார், தரையில்தான் படுப்பார். அவர் படுக்கையில் விழுந்தபோது போய்க் கேட்டேன். ‘கொட்டாவியைக் கேளு’ என்றார், போய்விட்டார். கொட்டாவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கேட்டேன். சொல்ல வாயைத் திறந்தான். கொட்டாவி விடுகிறான் என்று காத்திருந்தோம். நர்ஸ் வந்துதான் மூடினாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை வாஷிங் மிஷின் வருகிறது. இரண்டு ஆள் அதைத் தூக்கிக்கொண்டு பாலத்து வழியாகக் குளியலறைக்குப் போகப் போகிறார்கள், என் மகள் முன்னால் நின்று வழி காட்டப் போகிறாள். இப்பவே ஈரத்துணி வாளியோட நாளைக்குப் பத்துத் தடவை அந்தத் தட்டு மேலதான் போறா வர்றா. நான் வேண்டாம்னா, ‘அப்பா, கக்கூஸை வீட்டுல வச்சுக்கிட்டுத் தெருவுல இறங்கி ஓடறீங்க, இதுல எனக்குப் புத்தி சொல்றீங்களா?’ங்கறா. மாப்பிள்ளையைக் கேட்டா, ‘எல்லாம் சரியாத்தான் இருக்கு மாமா’ங்கறார். அன்னைக்கு மேஸ்திரி சொன்ன அதே வார்த்தை, சம்பந்தி! அடியில தார்ப்பாய், எப்படிப் பார்க்கறது? பெண்ணைக் கொடுத்தவன் மாப்பிள்ளையை அதட்ட முடியுமா? பெத்தவர் நீங்க அதட்டலாம். கடிதம் கண்டதும் கிளம்பி வந்து, அந்தத் தட்டைத் தூக்கி வெளியே எறியச் சொல்லுங்க. உங்க பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்கு.

தங்கள் இல்லத்தில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சிறியவர்களுக்கு என் ஆசியும். எல்லோர் காலடியிலும் தரை உறுதியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்கும் தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: மேலே எழுதினதையெல்லாம் விட்டுடுங்க. தையல்காரர் தபால்தலை தேடி முடிக்கறதுக்குள்ள ஞாயித்துக்கிழமை வந்துடுச்சு. மிஷின் மாடிப்படி ஏறிடுச்சு. நான் போய்ப் பாலத்து வாசல்ல குறுக்கே படுத்துட்டேன். மக தலையில அடிச்சுக்கிட்டா. ‘என்னதான் வேணும் மாமா உங்களுக்கு?’ன்னார் மாப்பிள்ளை. பட்டை எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்க்கணும்னேன். பாவம், கீழ போய்த் தார்ப்பாயை அவிழ்த்து, என்னை அடியில நிறுத்தி, டார்ச் அடிச்சுக் காட்டினார். சரியா இருக்கு, சம்பந்தி. காது வச்ச தட்டும் சரியாத்தான் இருக்கு. உத்திரத்துக்கு உத்திரம் பட்டை, ஒவ்வொரு மூலைக்கும் கிளிப்பு. மிஷின் போயாச்சு, துணியும் துவைச்சாச்சு. நானும் போயிட்டு வந்துட்டேன்.

‘மேலேர்ந்து பார்த்தா தெரியாதே, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?’ன்னு கேட்டேன். சிரிச்சார். ‘எங்கப்பா கத்துக்கொடுத்தது மாமா. முழிச்சிருக்கும்போது இல்ல, தூக்கத்துல. நான் சின்னப் பையனா இருந்ததுலேர்ந்து அலறுவார். பட்டை திரும்பியிருக்குடா, கால் வைக்காதேடா, நான்தான்டா திருப்பிப் போட்டுட்டேன்னு. அம்மா பாய்தான் திரும்பிக் கிடக்குன்னு நினைச்சு, எழுப்பி எழுப்பிப் பாயை மாத்திப் போடுவா. இந்தத் தொழிலுக்கு வந்தப்புறம்தான் பட்டைன்னா என்னன்னு எனக்கே தெரிஞ்சுது. சதுரத் தட்டைக் கண்டாலே முதல்ல அடிப்பக்கம் பார்ப்பேன்.’ சொல்லிட்டு இன்னும் சிரிச்சார். நானும் கூடச் சிரிச்சேன். வேற என்ன பண்றது?

இனிமே நான் சொல்றதுல ஒரு வார்த்தையும் வெட்டக் கூடாதுன்னு தையல்காரர்கிட்ட சொல்லியிருக்கேன்.

எட்டுப் பாதம்தான். நான் சரியாத்தான் எண்ணியிருக்கேன். டீ ஏன் ஆறியிருந்துச்சுன்னும் இப்பப் புரியுது. நீங்க முன்னாடியே வாங்கிட்டு வந்து, கேனை மேல வச்சுட்டு, தட்டுக்குக் கை கொடுத்திருக்கீங்க. பிள்ளை அழுது ராத்திரியெல்லாம் கண் மூடாத மனுஷன், கை பட்டையைப் பக்கம் மாத்திப் போட்டுடுச்சு. அதை நான் எப்பவோ மன்னிச்சிருப்பேன், சம்பந்தி. கேட்டிருந்தா அன்னைக்கே மன்னிச்சிருப்பேன். ஆனா நீங்க பின்படியில இறங்கி, கேனைத் தூக்கிக்கிட்டு, சுத்திப் போய் வாசல் வழியா ஓடி வந்தீங்களே. எண்ணத் தெரியாதவன்னு என்னை எழுதினப்போ தலை குனிஞ்சு நின்னீங்களே. செத்தவன்தான் போட்டான்னு பலகையில ஒட்டினதை நீங்களும் நின்னு கேட்டீங்களே. அப்புறம் ஒரு கேள்வி கேட்காம என் வீட்டுக்கு வந்து பெண் எடுத்தீங்க. கல்யாணத்தன்னைக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடாம அழுதீங்க. பெண்ணைப் பெத்தவன் சும்மா நிக்கிறான், பையனைப் பெத்தவர் அழறாரேன்னு பந்தலே சிரிச்சுது. நானும்தான் சிரிச்சேன்.

என் மகளுக்கு இது தெரியாது, தெரியவும் வேண்டாம். அவ புருஷன் நல்லவர். தையல்காரர் வாயைத் தைச்சுக்கறேன்னு சொல்லியிருக்கார்.

மகனை அதட்டறதுக்கு நீங்க வர வேண்டாம். ஆனா வாங்க. வந்து செருப்பைக் கழட்டிட்டு, அந்தக் காது வச்ச தட்டு மேல ஒரு தடவை நில்லுங்க. சின்னவன் போடலைன்னு அங்கேர்ந்து ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். நான் கீழதான் நிப்பேன், உங்களுக்கு என் முகம் தெரியாது, எனக்கு உங்க உள்ளங்கால் மட்டும்தான் தெரியும். வேற யாரை நான் கேட்கறது? சின்னவன் அன்னைக்கே போயிட்டான். மேஸ்திரி போயாச்சு. கொட்டாவியும் போயாச்சு. அன்னைக்கு மேல நான் எண்ணின எட்டுப் பாதத்துல இன்னும் நடந்துகிட்டிருக்கறது ரெண்டே ரெண்டுதான், அது ஆறின டீயோடது.