குளத்து வகுப்புல எப்பவும் இடம் காலி

ஒரு காட்டுல, "எதுத்துப் பேசல சார், கேட்டதுக்குப் பதில்தான் சொல்றேன்!"னு ஒரு அலுங்கு, அதான் எறும்புத்தின்னிப் பொண்ணு கத்திக்கிட்டு இருந்தா. பேரு அஞ்சலை. உடம்பு பூராச் செதிலு, முழ நீள நாக்கு, கறையான் தின்னு வளந்த உடம்பு.

"திமிருன்னா சொல்றீங்க? என்னைய மீனுன்னு உங்க வகுப்புல சேத்துக்கிட்டீங்களே, அதுக்குப் பேரு என்ன சார்? எங்கப்பா மரம் ஏறுறத நீங்களே பாத்திருக்கீங்கல்ல? எந்த ஊர்ல சார் மீனு மரம் ஏறுது?"

எதிர்ல கொக்கு வாத்தியாரு ஒத்தக் கால்ல, கண்ண மூடிக்கிட்டு நின்னாரு.

விஷயம் இதுதான். அந்தப் பள்ளிக்கூடத்துல புதுசா ஒரு பாடம் வந்துச்சு. ஆமா, இல்லன்னு பதில் வர்ற மாதிரி கேள்வி கேட்டே எதையும் வகை பிரிச்சிரலாமாம். கல்லு, இலை, கொட்டைன்னு பிரிச்சுப் பழகுனாங்க. நல்லாத்தான் போச்சு. அப்புறம் புள்ளைங்களையே பிரிக்க ஆரம்பிச்சாங்க. கேள்வி வாசிக்கிறது கிளி டீச்சர்.

"செதில் இருக்கா?"

"இருக்கு டீச்சர், ஆனா நாங்க குட்டி..."

"விளக்கம் வேணாம்! ஆமாவா, இல்லையா?"

"ஆமா."

"தரையில முட்டை போடுற வம்சமா?"

"இல்ல."

"அப்ப மீன்! நாளையிலேர்ந்து குளத்து வகுப்பு. அடுத்தது யாரு?"

குளத்து வகுப்புக்கு வாத்தியாரு கொக்கு சாரேதான். அங்க மட்டும் எப்பவும் இடம் காலியா இருக்கும்.

பின்னாடி இருந்து தவளை கார்மேகம் கிசுகிசுத்தான். "ஏ புள்ள, போயிராத. கெண்டை போனா, அயிரை போனான். எங்கன்னு கேட்டா மேல்படிப்புக்குப் போயிட்டாங்கன்னு சொல்றாரு."

"நீயும் தண்ணியிலதான கெடக்குற, நீ எப்புடித் தப்பிச்ச?"

"நீந்துவியான்னு கேட்டாங்க. இல்லன்னேன். மர வகுப்புல போட்டுட்டாங்க. இப்ப நான் அணிலு."

"பொய்யாடா சொன்ன?"

"உண்மை சொன்னவன் பூரா மேல்படிப்புல இருக்கான்."

அஞ்சலையும் செதில் இல்லன்னு சொல்லிருந்தா தப்பிச்சிருக்கலாம். உடம்பு பூராத் தெரியிறத இல்லன்னு சொல்ல அவளுக்கு மனசு வரல. ஆனா சும்மா போய்க் குளத்துல நிக்கவும் அவளுக்குப் பைத்தியமா?

மறுநாள் காலையில குளத்தங்கரையில பெத்தவங்க கூட்டம். அஞ்சலை விறுவிறுன்னு போயி கிளி டீச்சர் கையில இருந்த மைக்கப் புடுங்குனா.

"எல்லாருக்கும் வணக்கம். புதுப் பாடம் எனக்கு நல்லாப் புரிஞ்சிருச்சு. சார வச்சே செஞ்சு காட்டுறேன். சார், குளத்து வகுப்புப் புள்ளைங்களத் திங்கிறத நிறுத்திட்டீங்களா?"

கொக்கு கண்ணத் தொறந்தாரு. ரெண்டு காலையும் தரையில ஊனுனாரு. என்னமோ சொல்ல வந்து அலகத் தொறந்தாரு.

"விளக்கம் வேணாம்! ஆமாவா, இல்லையா?"ன்னு பழக்கதோஷத்துல கிளி டீச்சர் கத்திட்டாங்க.

தண்ணிக்குள்ள இருந்து ஒரு கெண்டையம்மா மெல்லத் தலைய நீட்டுனா. "எம்மவ எந்த ஊர்ல படிக்கிறா சார்?"

"அம்மா கேக்குறாங்கல்ல?"ன்னு அஞ்சலை மைக்க அலகுகிட்ட நீட்டுனா. "ஆன்லதான் இருக்கு. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க சார்!"

நீதி: புள்ளைங்களுக்குக் கேள்வி கேக்கக் கத்துக்குடுக்காதீங்க. குடுத்தே ஆகணும்னா, மொதல்ல வாயத் தொடச்சுக்கங்க.