பைப்புக்கு ஆயுசு பார்த்த மருமகன்

பாறசாலையில என் மாமனார் வீட்டு இரும்புப் பைப்பு இன்னும் எத்தன வருசம் தாங்கும்னு பாத்துச் சொல்லணும். நேத்து எனக்கிருந்த வேலை அவ்வளவுதான்.

தொழிலே அதுதான். கம்பெனிகள்ல பைப்போட கனத்த மீட்டர் வச்சு அளந்து, ஆயுசு கணக்குப் போட்டுக் குடுப்பேன். மாமாவுக்கு அது ஒரு வேலையாவே தெரியாது. "பைப்புக்கு ஜோசியம் சொல்லியதுக்கு சம்பளமா மக்கா?"ன்னு ஆறு வருசமா கேக்கார்!

நேத்து என் மச்சினியப் பொண்ணு பாக்க நெய்யாற்றின்கரையில இருந்து மாப்பிள்ளையும் அவன் அப்பாவும் வந்திருந்தாங்க. கெத்து காட்ட இதவிட நல்ல நாள் உண்டா?

டாங்கில இருந்து இறங்குற பைப்புல ஜெல்லத் தடவினேன். மீட்டர வச்சேன். மூணு எடத்துல அளந்தேன்.

"பதினாலு வருசம் நிக்கும் மாமா!"

மாமா நெஞ்ச நிமித்தினார். "மூத்த மருமவன் இஞ்சினியராக்கும்!"

ஆறு வருசத்துல முதல் தடவை! தரையில கால் பாவல எனக்கு.

மாப்பிள்ளையோட அப்பா பைப்பு பக்கத்துல குனிஞ்சார். அங்க எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு துருக்கட்டி. "மோனே, ஈ முழை எந்தா?"

"அது பாக்டீரியா வீடு சார். உள்ள இருந்து இரும்பக் குழி தோண்டும்."

"அவிடே அளந்நோ?"

அளக்கல! கட்டியச் சுரண்ட மடி, சோம்பல். வழவழன்னு இருந்த எடமாப் பாத்து அளந்துட்டு வந்துட்டேன். சும்மா இருந்திருக்கலாம்.

"இப்போ காட்டித் தாறேன் சார்!"

ஸ்க்ரூடிரைவரால ஒரே ஒரு நெம்பு. கட்டி விழுந்துது.

சர்ர்ர்ர்!

தண்ணி நேரா அவர் மூஞ்சியில! கஞ்சி போட்ட முண்டு காலோட ஒட்டிப்போச்சு. கூடவே கூமுட்டை நாத்தம்!

"வால்வ அடை, எலே!"ன்னு மாமா கத்தினார்.

ரெண்டே நிமிசத்துல இஞ்சினியர் 'எலே' ஆயிட்டேன்!

வால்வத் திருகினேன். கைப்பிடி மட்டும் கழண்டு கையோட வந்துது.

அப்ப மாப்பிள்ளைப் பையன் எந்திரிச்சான். நேரா வந்தான். கட்டைவிரல ஓட்டையில வச்சு அமுக்கினான். தண்ணி நின்னுது!

டாங்கு காலியாகணும்னு வீட்டுல உள்ள எல்லாக் குழாயையும் தொறந்துவிட்டோம். அரைமணிக்கூர் அவன் அசையல. ஒரு கை பைப்புல, மறு கை சுவத்துல. மச்சினிதான் காப்பி டம்ளர அவன் வாயில பிடிச்சுக் குடுத்தா, அத்தன பேரு முன்னாலயும்!

அவன் அப்பாவே தலையத் துவட்டிக்கிட்டு சிரிச்சுட்டார்.

"இனி வேற ஆலோசன வேண்டாம், இவன் மதி, இவனே போதும்!"ன்னு மாமா அங்கயே கல்யாணத்த உறுதி பண்ணிட்டார். எனக்கு ஒரு வாளியும் பழந்துணியும் எடுத்து நீட்டினார், அவ்வளவுதான்.

மக்களே, பைப்புல துருக்கட்டி கண்டா நோண்டாதீங்க. சில எடத்துல அதாக்கும் பைப்பே.