அப்பா படத்துக்கு நான் சட்டம் அறுத்த லட்சணம்

துக்க ஊட்டுல ஆளாளுக்கு ஒரு கிறுக்குப் புடிக்கும். எங்க அப்பா போனப்ப, அம்மா தேச்ச பாத்திரத்தையே மறுக்கா மறுக்காத் தேச்சுச்சு. மாமன் மவன் குமார் மச்சான் வாரவங்களுக்கெல்லாம் டீ ஊத்தியே கொன்னுபோட்டாரு. எனக்குப் புடிச்ச கிறுக்கு, மிசினு.

அப்பா தச்சு வேலைங்க. எங்க ஊரு கணபதியில ஊட்டுக்குப் பின்னாடியே தகரம் போட்ட பட்டறை. சாகறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி ஆசை ஆசையா ஒரு காம்போ மிசின் வாங்கியாந்து வெச்சாரு. ஒரு மிசினுக்குள்ள ரெண்டு மிசின். பிளேடு இருக்கற தலையைப் புடிச்சுக் கீழ அமுத்துனா, கட்டையை எந்தக் கோணத்துல வேணும்னாலும் அறுக்கலாம். அதே தலையைக் கீழயே பூட்டிப்போட்டா, மேல இருக்கற மேசை வழியா பிளேடு எட்டிப் பாக்கும். பலகையைத் தள்ளி நீளவாக்குல அறுத்துக்கலாம். பொட்டியைப் பிரிக்கறதுக்குள்ள மாரடைப்பு வந்து மனுசன் போயிட்டாரு.

காரியத்துக்கு வெக்கற படத்துக்கு பிளாஸ்டிக் சட்டம் போட்டுத் தாரேன்னு ஸ்டுடியோக்காரரு சொன்னாரு. எனக்கு எங்கிருந்துதான் கோவம் வந்துச்சோ. "தச்சு வேலைக்காரர் ஊட்டுல பிளாஸ்டிக் சட்டமுங்களா? படத்தை மட்டும் குடுங்க, சட்டம் நான் போட்டுக்கறேன்"னு சொல்லிப்போட்டேன். (ஒம்பதாவதோட பள்ளிக்கூடத்துக்குக் கும்புடு போட்டவ நான். பட்டறையில அதுவரைக்கும் நான் பண்ணுன பெரிய வேலை, மரத்தூள் கூட்டறது.) பூசை அலமாரி செஞ்சப்ப அப்பா மிச்சம் வெச்ச தேக்கு ரீப்பர் கட்டை ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. விடிஞ்சா காரியம், ஒறம்பரையெல்லாம் வந்துருவாங்க.

மத்தியானம் பொட்டியைப் பிரிச்சேன். உள்ள இருந்த புத்தகத்துல பாதி இங்கிலீசு, பாதி சீனம். படத்தைப் பாத்தே வேலையைப் பழகிக்கிட்டேன். கை வெக்கற படம் எல்லாத்துலயும் மொதல்ல பிளக்கைப் புடுங்கச் சொல்லிப் போட்டிருந்துச்சு. அது நல்லாப் புரிஞ்சுது. ஒவ்வொரு தடவையும் பிளக்கைப் புடுங்கி, டாக்டரு கொழாய் மாதிரி கழுத்துல போட்டுக்கிட்டுத்தான் திருகாணியையே தொட்டேன்.

"ஏனுங்க டாக்டரம்மா, நோயாளி பொழைக்குமுங்களா?" வாசப்படியில டீ டம்ளரோட குமார் மச்சான்.

"சும்மா நிக்காம டார்ச்சை அடிங்க மச்சான்."

பிளேடு நட்டைக் கழட்டலாம்னு திருப்புனா இறுகுது. எல்லா நட்டும் ஒரு பக்கம் கழண்டா, இது மட்டும் எதிர்ப்பக்கம் கழலுது. ஏன் இப்படி வெச்சான்னு ரொம்ப நேரம் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். பிளேடு சுத்தற வேகத்துல நட்டு தானாக் கழண்டு பறந்துறக் கூடாதுன்னு புரிஞ்சப்ப, அப்பா போனதுக்கப்பறம் மொத தடவையாச் சிரிச்சேன்.

"பிளேடு மேல இருக்கற அந்த மூடியைக் கழட்டிப்போடு புள்ள, கோடு நல்லாத் தெரியும்"னாரு மச்சான்.

"அப்பா கட்டைவெரல்ல பாதி நெகம் எங்க போச்சுன்னு சொல்லுங்க, கழட்டறேன்."

மச்சான் டீயைக் குடிச்சாரு.

கட்டை சாஞ்சு நிக்கறதுக்கு மிசின்ல பின்னாடி ஒரு தடுப்பு இருக்கும். அதுல அப்பாவோட மூலைமட்டத்தை வெச்சு, பிளேடு நேரா நிக்குதான்னு பாத்தேன். ரெண்டுக்கும் நடுவுல வெளிச்சம் கூட வரல. சின்னத் துண்டுக் கட்டை ரெண்டைச் சாய்வா அறுத்துச் சேத்தேன். அப்படியே ஒட்டிக்கிச்சு. மச்சான் கையே தட்டிப்போட்டாரு.

அப்பறம் தேக்கை அறுத்தேன். நாலு சட்டத்தையும் தரையில அடுக்கிச் சேத்துப் பாத்தா, நாலு மூலையும் ஒரே மாதிரி வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது.

"துக்க ஊடாச்சே, சட்டத்துக்கும் தூக்கமில்ல போல. கொட்டாவி வுடுது பாரு"ன்னாரு மச்சான்.

கோணத்தை ஒரு மயிரளவு நகத்தி மறுக்கா அறுத்தேன். இப்பக் கொட்டாவி அந்தப் பக்கம். திருப்பி நகத்தினேன், திருப்பி அறுத்தேன். துண்டுக் கட்டையை வெச்சாச் சரியா அறுக்குது, நீளத் தேக்கை வெச்சாத் தப்பா அறுக்குது. அதுலயும் ஒவ்வொரு சட்டத்துலயும் ஒரு முனை சரி, ஒரு முனை தப்பு! எனக்கு வெசனமெல்லாம் எங்கயோ போயிருச்சு. இது ஏன் இப்படிப் பண்ணுதுன்னு தெரியாம எனக்குச் சோறு எறங்காது போல ஆயிருச்சு. ஆனா ஒவ்வொரு தடவை அறுக்கறப்பவும் தேக்கு குட்டையாகிக்கிட்டே வருதுங்கறது அந்த நேரத்துல புத்தியில ஏறல.

சட்டத்தைத் திருப்பிப் பாத்தேன். பின்பக்கம் செவப்பாத் தடம்.

ரத்தம்! வெரலை எண்ணுனேன். பத்தும் இருந்துச்சு. நம்பிக்கையில்லாம மறுக்கா எண்ணுனேன். அப்பறம் மச்சான் கையைப் புடிச்சு அதையும் எண்ணுனேன்.

"நான் மிசினைத் தொடவே இல்ல புள்ள!"

பிளக்கைப் புடுங்கிப்போட்டு, செவப்பு பட்ட எடத்தைத் தடுப்போட சேத்து வெச்சுப் பாத்தேன். தடுப்போட எடது ஓரத்துல, அடியில, காஞ்சு போன சந்தனம். நடுவுல குங்குமம். மிசினே மஞ்சக் கலரு, மேல மரத்தூளு வேற. எப்படிக் கண்ணுக்குத் தெரியும்? துண்டுக் கட்டை அது வரைக்கும் எட்டாது. நீளக் கட்டைய எடது பக்கம் வெச்சா மட்டும், சந்தனம் முட்டித் தள்ளிக் கோணிக்குது.

"அம்மா! மிசினுக்குப் பொட்டு வெச்சது யாரு?"

அம்மா சோப்புக் கையோட வந்து நின்னுச்சு. மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு.

"நாந்தான் கண்ணு, நீ சோறு திங்க வந்தப்ப வெச்சேன். எனக்குத்தான் இனிமே பொட்டு வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க. நீ போயி அதுகிட்டக் கையைக் குடுக்கற. அதுக்காச்சும் ஒண்ணு வெச்சுட்டா, உன்னை ஒண்ணும் பண்ணாதுன்னு... பாக்கறவங்க ஏதாச்சும் சொல்லுவாங்கன்னு ஓரமா வெச்சேன்."

மச்சான் டம்ளரைக் கீழ வெச்சுப்போட்டாரு. அந்தப் பொட்டைச் சுரண்டறதுக்கு எனக்குக் கை போகல. பொட்டை அழிக்கறதுன்னா அந்த நாள்ல எங்க ஊட்டுல வேற அர்த்தமுங்க. அம்மாவே வந்து நெகத்துல சுரண்டி எடுத்துச்சு. ஈரத்துணியில தொடச்சுச்சு. அப்பறம் புதுசாக் கொழச்சு, "இங்க வெச்சா இடிக்காதுல்ல?"ன்னு கேட்டுக் கேட்டு மோட்டாரு மேல வெச்சுச்சு.

கோணத்தைப் பழையபடி திருப்பி வெச்சு, மூலைமட்டம் புடிச்சுப் பாத்துட்டு, மிச்சத் தேக்கை அறுத்தேன். நாலு மூலையும் நெகம் கூட நொழையாத மாதிரி சேந்துச்சு. குதிச்சேன். படத்தை எடுத்து வெச்சுப் பாத்தா, படம் பெருசு, சட்டம் சிறுசு. வேற தேக்கும் இல்ல.

அம்மாதான் கத்திரிக்கோலைக் குடுத்துச்சு. "வெட்டிப்போடு கண்ணு. மூஞ்சி தெரிஞ்சாப் போதும்."

அடுத்த நாள் காரியத்துல மாமா, அதான் குமார் மச்சானோட அப்பா, குனிஞ்சு மூலைக்கு மூலை வெரலால தடவிப் பாத்தாரு. "அடேங்கப்பா, சட்டம் கச்சிதம் அம்மிணி"ன்னாரு. அப்பறம் படத்தைப் பாத்தாரு.

"எல்லாஞ் சரி. மாப்ளைக்குக் காது ரெண்டும் எங்க?"

மொதல்ல சிரிச்சது அம்மாதான். அப்பறம் பந்தல்ல ஒருத்தர் பாக்கியில்ல. அழுதுக்கிட்டிருந்தவங்களும் சிரிச்சுப்போட்டாங்க.

இப்பப் பட்டறையை நாந்தான் பாக்கறேன். இன்னைக்கும் எங்க ஊட்டுல அந்தப் படத்துகிட்ட எது சொன்னாலும் கத்தித்தான் சொல்லணும். விளக்கு வெக்கறப்ப நான் மெதுவா ஏதாச்சும் முணுமுணுத்தா, "சத்தமாச் சொல்லு புள்ள, மாமனுக்குக் காதில்ல"ம்பாரு மச்சான்.

அம்மா சமையக்கட்டுல இருந்தே பதில் குடுக்கும். "ஆமா, காது இருந்தப்ப மட்டும் சொன்னதைக் கேட்டுக் கிழிச்சுப்போட்டாரு!"