உக்குவளையில் நான் பிடித்த கரும்பொருள்

உறுதியாவதற்கு முன் எதையும் வாப்பாவிடம் சொல்லக்கூடாது. பத்து வயதிலேயே தெரிந்திருந்த இந்த உண்மையை இருபத்தாறு வயதில், முதுகலை ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, மறந்து தொலைத்தேன்.

என் ஆய்வு கரும்பொருள் பற்றியது. பிரபஞ்சமெங்கும் நிறைந்திருக்கிறது என்கிறார்கள், கண்டவர் யாருமில்லை. அதன் துகள்கள் மோதி அழிந்தால் காமாக் கதிர் வரலாம் என்று ஓர் ஊகம். அந்தக் கதிர்களைப் பூமியைச் சுற்றிவரும் ஒரு செய்மதி பதிவு செய்கிறது. தரவை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். (எங்கள் ஊர் உக்குவளையில் வீட்டு இணைப்புக்கு ஒரு நாள் தரவை இறக்கவே மூச்சு வாங்கியது. அதோடு போதும் என்று விட்டுவிட்டேன்.)

கரும்பொருள் மண்டிக்கிடப்பதாக நம்பப்படும் ஒரு குட்டி விண்மீன் மண்டலத்தின் பக்கம் தேடினேன். பளிச்சென்று ஒரு பொட்டு! என் பேராசிரியருக்கு எழுதுவதற்கு முன் சாப்பாட்டு மேசையில் உளறிவிட்டேன்.

மறுநாள் வாப்பாவின் மிளகுக் கடைக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் செய்தி கிடைத்தது. "ஒலகத்துல யாருக்கும் அம்புடாத சாமான எங்கட மகள் புடிச்சிட்டா!"

"வாப்பா, இன்னும் சரிபார்க்கல்ல."

"அதெல்லாம் சரியாத்தான் இருக்கும். புதன்கிழமை நீங்க படிச்ச ஸ்கூல்ல பாராட்டுக் கூட்டம். அதிபர்கிட்ட பேசிட்டேன்."

"பேராசிரியருக்கு எழுதியிருக்கேன், பதில் போடட்டும் வாப்பா!"

"அவருக்கும் அழைப்பு அனுப்பவா?"

அதற்குமேல் தடுக்கவில்லை. (உண்மையைச் சொன்னால், கூட்டத்துக்கு அவர் அடித்த பேனரில் என் படம் நன்றாக வந்திருந்தது.)

புதன்கிழமை கூட்டத்தில் என் கழுத்தில் மாலை போட்டார்கள். பாதி ஊர் வந்திருந்தது. பொட்டைத் திரையில் காட்டி, வானத்தில் அது எந்த இடம் என்றும் சொன்னேன், கைதட்டல். எனக்கு விஞ்ஞானம் படிப்பித்த ஃபரீதா டீச்சர் எழுந்தார்.

"மகள், இது எந்தத் திகதி எடுத்தது?"

சொன்னேன். கைபேசியில் வானப் படம் காட்டும் செயலியைத் திறந்து தேய்த்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடி தேய்த்தார்.

"அன்னைக்கு அந்த எடத்துல நிலாதானே நின்னிருக்கு?"

விண்வெளித் துகள்கள் வந்து மோதுவதால் நிலாவும் காமாக் கதிரில் ஒளிரும். அதை விலக்கிவிட்டுத்தான் தேட வேண்டும். இது இந்தத் துறையில் அரிச்சுவடி. நான் விலக்கவில்லை.

முன்வரிசையிலிருந்து வாப்பா கேட்டார்: "அப்போ மகள் புடிச்சது என்னா?"

"நிலா, வாப்பா."

மண்டபம் அதிரச் சிரித்தது. வாப்பா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து திரும்பி, பின்வரிசை வரைக்கும் கேட்கும்படி சொன்னார்: "அதுவும் சின்ன சாமானில்ல."

வீட்டுக்கு வந்து நிலாவை நீக்கிப் பார்த்தேன். பொட்டு போய்விட்டது. பிறகு பல வருடத் தரவை ஒழுங்காக இறக்கி, அங்கே ஒன்றும் அகப்படவில்லை என்பதையே பக்கம் பக்கமாக எழுதிப் பட்டம் வாங்கினேன். அதற்கு யாரும் பேனர் அடிக்கவில்லை.

இப்போதும் ஒவ்வொரு நோன்புக்கும் பிறை கண்ட அறிவிப்பு வந்ததும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாப்பாவின் செய்திதான் முதலில் விழும்: "பிறை தெரிஞ்சிருச்சாம். மகள், ஒருக்கா பார்த்துச் சொல்லுங்க, நிலாதானா?"