ஹவுஸ்ஃபுல் ஆன காலி யார்டு

வட சென்னையில் எந்த எண்ணையும் முதல் தடவையிலேயே நம்பாத மனிதர் ஒரே ஒருவர்தான். அவருக்குச் சம்பளம் கொடுக்கும் பாக்கியம் ஆறு வருடமாக எனக்கு வாய்த்திருக்கிறது.

ஆதார் அட்டையில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அது அட்டைக்கு மட்டும்தான் தெரியும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எல்லோருக்கும் அவர் ‘ரெண்டு தபா’. எதையும் இரண்டு முறை எண்ணாமல் விடமாட்டார். ஆபீசுக்குப் பிரியாணிப் பொட்டலம் வந்தால் இடமிருந்து வலமாக ஒரு முறை எண்ணுவார், அப்புறம் வலமிருந்து இடமாக. கொண்டுவந்த பையன் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவான்.

ஷேர் ஆட்டோவில் அவரோடு போவது ஒரு தண்டனை.

“இன்னாபா, எட்டு பேர்தான் ஏத்துவேன்னு சொன்ன. ஒம்போது கீது.”

“அது கைக்கொயந்த நைனா.”

“கைக்கொயந்தன்னா தல இல்லியா?”

தேரடியில் இறங்க வேண்டிய எங்களைத் தேரடிக்கு இரண்டு நிறுத்தம் முன்பே இறக்கிவிட்டார் ஆட்டோக்காரர். ரெண்டு தபாவின் கல்யாணத்திலும் நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் தங்கச்சி மூன்றாம் முடிச்சைப் போட்டதும், மாப்பிள்ளை குனிந்து, “மூணுதான போட்ட? கரீட்டா எண்ணுனியா?” என்று கேட்டது மைக்கில் விழுந்தது. மணப்பெண் அப்போதே சிரித்துவிட்டார். அதனால்தான் அந்தக் குடும்பம் நன்றாக ஓடுகிறது என்பது என் கணிப்பு.

திருவொற்றியூரில் ஒரு பஞ்சர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது எங்கள் மென்பொருள் கம்பெனி. ரெண்டு தபாவையும் சேர்த்து மொத்தம் நான்கு பேர். நான் முதலாளி. அதாவது, ஏசி கெட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறவன். மற்ற நேரத்தில் மேசை இழுப்பறைக்குள் நாவலை விரித்து வைத்துப் படிக்கிறவன். எங்களுக்குப் பெரிய வாடிக்கையாளர் என்று சொல்ல ஒரே ஒருவர்தான். மணலிப் பக்கம் கன்டெய்னர்களை அடுக்கி வைக்கும் யார்டு ஒன்றின் சொந்தக்காரரான அண்ணாச்சி. தூத்துக்குடியிலிருந்து வந்து முப்பது வருடமாகியும் பேச்சை மட்டும் அங்கேயிருந்து மாற்றிக்கொள்ளாதவர்.

யார்டுக்குள் லாரி வந்தால், கேட்டில் இருக்கும் கிளார்க் ஸ்டெல்லா அக்கா கன்டெய்னரின் எண்ணை எங்கள் வெப்சைட்டில் பதிவு செய்வார். வெளியே போனால் அந்தப் பதிவிலேயே ‘போயிற்று’ என்று குறிப்பார். உள்ளே எத்தனை இருக்கிறது என்று திரை காட்டும். அதற்காக ஒவ்வொரு முறையும் பழைய பதிவுகளையெல்லாம் புரட்டி, போகாதவற்றை எண்ணும். பதிவுகள் லட்சத்தைத் தாண்டியபோது திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அது சுற்றி முடிப்பதற்குள் டிரைவர்கள் டீ குடித்துவிட்டு வந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. எதற்கு ஒவ்வொரு தடவையும் எண்ண வேண்டும்? எண்ணிக்கையைத் தனியாக ஒரு கட்டத்துக்குள் எழுதி வைத்துவிட்டால் போதாதா? வந்தால் ஒன்று கூட்டு, போனால் ஒன்று கழி. திரை கண்சிமிட்டும் நேரத்தில் வந்தது. நான் ஆபீசுக்கே பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன்.

ரெண்டு தபா மட்டும் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

“சார், அது போட்டோ சார். ஆளு இல்ல.”

“புரியலையே.”

“கட்டத்துல கீற நம்பரு போட்டோ. ஆளு யார்டுல கீறாரு. தெனம் ஒரு தபா ஆள இட்டாந்து போட்டோ பக்கத்துல நிக்க வெச்சு பாக்கணும். காலைல ஒருவாட்டி மொத்தமா எண்ணட்டும், இன்னா கெட்டுப்போவுது?”

நான் சிரித்தேன். நிறையப் படித்தவன் சிரிக்கும் சிரிப்பு அது. கணக்கு தப்புவதற்கு இதென்ன மளிகைக் கடையா என்று கேட்டேன்.

ஏழு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தது.

“ஏம்வே, யார்டுல மூணுல ஒரு பங்கு காலியாக் கெடக்கு. உம்ம ஸ்கிரீனு அறுநூறு, எடம் இல்லைன்னு காட்டுது. கேட்டும் தொறக்க மாட்டேங்கு. ரோட்டுல லாரி நிக்கி பாரும், கண்ணுக்கெட்டின தூரம்.”

யார்டில் அறுநூறு கன்டெய்னர்தான் பிடிக்கும். கட்டத்தில் அந்த எண் வந்தால் கேட் தானாக மூடிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு செய்ததும் நான்தான். அதற்கும் பஜ்ஜி வாங்கியிருந்தேன்.

“நாலு மணி வரைக்கும் பாப்பேன். அப்புறம் ஓ.எம்.ஆர். ரோட்டுல இருக்க பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிக்காரனக் கூப்புட்டுருவேன். சொல்லிட்டேன்.”

அவர் போனால் எங்கள் நான்கு பேருக்கும் வேலை இல்லை. என் வயதில் எனக்கு வேறு யாரும் ஏசி மெக்கானிக்கைக் கூப்பிடும் வேலை தரமாட்டார்கள். நான் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன், சர்வரை அணைத்து மறுபடி போட்டேன். அறுநூறு அப்படியே நின்றது. கையால் மாற்றிவிடலாம் என்றால் எதை எழுதுவது?

ரெண்டு தபா பஞ்சர் கடையில் ஒரு சாக்பீஸ் வாங்கிக்கொண்டு என் பைக்கின் பின்னால் ஏறினார்.

யார்டில் வெயில் கொதித்தது. அவர் முதலில் ஸ்டெல்லா அக்காவின் கம்ப்யூட்டரில் பதிவுகளை எண்ண வைத்தார். நானூற்றுப் பன்னிரண்டு. பிறகு ஒவ்வொரு கன்டெய்னர் அடுக்கிலும் கோடு போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். அண்ணாச்சி குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

“மெசினு இருக்கயில மனுசன் எதுக்குவே எண்ணணும்?”

“மெசினு பொய் சொல்லாது அண்ணாச்சி. எங்க சாரு சொல்லிக்குட்த்தத சொல்லிக்கினு கீது.”

நானூற்றுப் பதின்மூன்று வந்தது. இரண்டாவது முறை மறுகோடியிலிருந்து எண்ணினார். அப்போதும் நானூற்றுப் பதின்மூன்று. மணி இரண்டு. ஒன்று எப்படி அதிகமாகிறது என்று அவர் வாட்ச்மேன் அறையின் நிழலில் சாய்ந்து யோசித்தார். முதுகு சுட்டது. திரும்பிப் பார்த்தார். வாட்ச்மேன் அறையே ஒரு பழைய கன்டெய்னரில் ஜன்னல் வெட்டிச் செய்தது. அதையும் சேர்த்து எண்ணியிருக்கிறார், இரண்டு முறையும்.

பதிவுகள் சரி, யார்டும் சரி. என் கட்டம் மட்டும்தான் பொய். நூற்று எண்பத்தெட்டு அதிகம். எங்கிருந்து வந்தது?

“அக்கா, தப்பா அடிச்சிட்டா இன்னா பண்ணுவ?” என்று கேட்டார் ரெண்டு தபா.

ஸ்டெல்லா அக்கா சேலைத் தலைப்பை இறுக்கிக்கொண்டார். “டிரைவரு வண்டிய ஆஃப் பண்ணாம மேலருந்து நம்பர கத்துவான். பாதி காதுல வுயாது. தப்பா பூட்ச்சின்னா அயிச்சிட்டு புச்சா போடுவேன். தெனம் ஒண்ணாச்சும் ஆவும்.”

‘அழி’ என்று அந்த பட்டனை வைத்ததும் நான்தான். பதிவு அழியும். கட்டத்தில் கூட்டிய ஒன்றைத் திருப்பிக் கழிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

“அப்ப இந்தப் பொம்பள அழிச்சதாலதான் இத்தனையுமா?” என்றார் அண்ணாச்சி. அக்காவின் முகம் வெளுத்தது.

“அயிச்சவங்க மேல தப்பு இல்ல அண்ணாச்சி. தப்ப திருத்தத்தான அயிச்சாங்க? பட்டன வெச்சவங்க யோசிச்சிருக்கணும்.” ரெண்டு தபா என் பெயரைச் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவுமில்லை.

“வச்சது நான்தான் அண்ணாச்சி” என்றேன். என் வாழ்க்கையில் நான் பேசிய மிகச் சிறந்த வசனம் அது. யாரும் கைதட்டவில்லை.

ரெண்டு தபா அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து, அழித்தால் கழியும்படி புரோகிராமை மாற்றி எழுதினார். தினமும் காலை ஆறு மணிக்குப் பதிவுகளை மொத்தமாக எண்ணி, கட்டத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் எங்களுக்குச் செய்தி வரவும் ஏற்பாடு செய்தார். கட்டத்தில் நானூற்றுப் பன்னிரண்டு விழுந்தது. மூன்றரை மணிக்குக் கேட் திறந்தது.

“ஓ.எம்.ஆர்.காரன் வேண்டாம்” என்றார் அண்ணாச்சி. “ஆனா இந்த ஆளு ஒம்ம கிட்ட இருக்கணும். இல்லேன்னா நானும் இல்ல.”

கண்ணாடி மாளிகைகளில் ஆயிரம் பேர் உட்கார்ந்து செய்யும் வேலையை, பஞ்சர் கடை சாக்பீஸோடு வந்து முடித்துவிட்டுப் போன மனிதர் எங்கள் கம்பெனிக்காரர் என்பதை அன்றிலிருந்து இன்றுவரை சந்திக்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அண்ணாச்சியின் யார்டு இப்போது மூன்றாகிவிட்டது. மூன்றுக்கும் எங்கள் மென்பொருள்தான்.

அன்று திரும்பும்போது எதிர்ப்பக்கம் லாரிகள் ஒவ்வொன்றாக யார்டை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன. நன்றி சொல்லலாம் என்று வாயெடுத்தேன். பின்சீட்டிலிருந்து முணுமுணுப்பு கேட்டது. “முப்பத்தேயு... முப்பத்தெட்டு...”

பின்னால் வந்த கார்க்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். எண்ணிக்கை தவறிவிடக் கூடாதே என்று நான் பைக்கை இன்னும் மெதுவாக ஓட்டினேன்.